வண்டல் கேட்ட வாசுகி

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் வாசுகிக்குக் கப் தட்டிப் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பையும் நகத்தால் சுண்டுவாள். ணங்கென்றால் நல்லது, டொக்கென்றால் விரிசல். இந்தப் பழக்கம் கம்பெனியோடு நிற்பதில்லை. கல்யாணமாகி வந்த அன்றே மாமியாரின் சீதனக் குடத்தைச் சுண்டிப் பார்த்து, கீறல் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். பத்து வருஷமாகியும் அந்தப் பேச்சு அடங்கவில்லை.

அவள் கணவன் அன்பரசன் கடலை ஆராயும் கப்பலில் வேலை பார்க்கிறான். நீச்சல் தெரியாது, அது வேறு கதை. கப்பல் தண்ணீருக்குள் டம் டம்மென்று சத்தம் எழுப்பிக்கொண்டே போகும். பின்னால் மைல் கணக்கில் இழுபடும் கேபிள், அடியிலிருந்து திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கும். அதை வைத்துக் கடலடியில் வண்டல் எத்தனை தடிப்பு என்று கண்டுபிடிப்பார்கள்.

“நானும் அதத்தான செய்யறேன். இதுக்கு ஒரு கப்பலா?” என்றாள் வாசுகி, முதல் தடவை கேட்டபோது.

அன்பரசன் விடவில்லை. கரையிலிருந்து இருநூறு கடல் மைல் எப்படியும் நம்முடையது. அதற்கு அப்பாலும் கடலடித் தரை எங்களுக்குத்தான் என்று ஒரு நாடு கேட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். கடலுக்குள் இறங்கும் சரிவின் அடிவாரத்திலிருந்து எத்தனை தூரமோ, அதில் நூற்றில் ஒரு பங்காவது வண்டல் தடிப்பு வேண்டும். நூறு கிலோமீட்டர் தள்ளி எல்லை கேட்டால், அங்கே ஒரு கிலோமீட்டர் வண்டல் இருந்தாக வேண்டும். மண்ணை வைத்து எல்லை என்றதும் வாசுகிக்கு அந்தச் சட்டத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது.

ஆனால் மூத்தவள் பிறந்தபோது அன்பரசன் கடலில் இருந்தான். நாற்பதாம் நாள் வந்து தூக்கினான். பிள்ளை யாரோ எவரோ என்று வீறிட்டது. வாசுகி அன்று சிரித்து மழுப்பினாள். உள்ளுக்குள் அழுதாள். இப்போது இரண்டாவதுக்கு எட்டு முடிந்து ஒன்பதாம் மாதம். இந்தத் தடவை பிரசவத்துக்கு அவன் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. “வண்டல் சரியா தெரியலையாம் வாசுகி. போன லைன்லயே இன்னொரு தரம் கப்பல ஓட்டச் சொல்லிட்டாங்க. அது முடிஞ்சா வந்துடுவேன்.”

வாசுகி கணக்குப் போட்டாள். வண்டல் போதவில்லை, அதனால்தான் அலைக்கழிக்கிறார்கள். மண் பற்றாக்குறைக்கு எங்கே போய் முறையிடுவது? விருத்தாசலத்துக்காரர்களுக்கு இரண்டு கோர்ட். ஒன்று ஊருக்குள் இருக்கிறது. இன்னொன்று மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். மனுவைக் காகிதத்தில் எழுதி அங்கே பிராதாகக் கட்டிவிட்டு வந்தால் மூன்று நாளிலோ, மூன்று வாரத்திலோ, மூன்று மாதத்திலோ தீர்ப்பு வந்துவிடும். வக்கீல் வேண்டாம், வாய்தா கிடையாது.

வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினாள். மனு எழுதித் தரும் மாயவன், பிரச்சினை இருக்கிற ஊரின் பேரையும் தூரத்தையும் கேட்டார். கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பிராதில் குறிக்க வேண்டும்.

“கடலுங்க. ஐநூறு கிலோமீட்டர் இருக்கும்.”

மாயவன் கண்ணாடியைக் கழற்றினார். திட்டக்குடி, ஸ்ரீமுஷ்ணம் என்று பஸ் போகிற ஊர்களையே எழுதிப் பழகிய கை. “அங்க உங்களுக்கு என்னாம்மா பிரச்சினை?”

புருஷன் வேண்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சுற்றிலும் கூட்டம். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

“வண்டல் பத்தலைங்க. நல்லா தடிப்பா இருக்கணும்னு எழுதுங்க.”

கொளஞ்சியப்பர் கைமேல் பலன் தருகிற சாமி. மூன்றாம் நாளே போன் வந்தது. அன்பரசன் குரலில் அப்படி ஒரு குஷி.

“வாசுகி! வண்டல் கொறையவே இல்ல! போவப் போவ ஒரே தடிப்பா இருக்குது. இன்னும் தூரமா எல்லை கேக்கலாம்னு சொல்றாங்க. அதனால லைன நீட்டிட்டாங்க. இன்னும் ஒரு மாசம்.”

போனை வைத்த பிறகுதான் வாசுகிக்கு விளங்கியது. மண் கூடக்கூட எல்லை தள்ளிப்போகும், எல்லை தள்ளிப்போனால் கப்பலும் போகும். கப்பைச் சுண்டத் தெரிந்தவளுக்கு மனு எழுதும்போது இது உறைக்கவில்லை. நாட்டுக்கு அள்ளிக் கொடுத்து, தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாள்.

மறுநாளே மாயவன் முன்னால் போய் நின்றாள்.

“என்னாம்மா, நெறைவேறலையா?”

“ரொம்ப நெறைவேறிடுச்சிங்க. வாபஸ் வாங்கிக்கறேன். புதுசா ஒண்ணு எழுதணும்.”

“வண்டல் கொறையணும்னு எழுதட்டுமா?”

வாசுகி யோசித்தாள். மண்ணால் சோறு தின்கிறவள், மண் குறையட்டும் என்று எப்படிச் சொல்வாள்?

“வேணாங்க. அது இருக்கறபடி இருக்கட்டும்.” கூட்டம் இன்றைக்கும் இருந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “மண்ணு கேட்டது தப்பு சாமி, எனக்கு எம் புருஷன்தான் வேணும்னு எழுதுங்க.”

மாயவன் வரிவரியாக எழுதினார். கடைசியில் பேனா நின்றது.

“தூரம் எத்தினின்னு போடட்டும்? அதே ஐநூறுதானா?”

“அவரு நிக்கிற எடம் எதுவோ, அங்கேர்ந்து போடுங்க. எல்லை எங்க வூட்டு வாசப்படின்னு எழுதிக்குங்க.”