இரண்டு தட்டு எங்கே, டங்கன்?

டங்கன் பொய் சொல்கிறார்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். கார் பந்தய வீரர் டங்கன், இங்கிலாந்துக்காரர், பதினைந்து வருடமாக துபாயில் இருப்பவர், போன வாரம் ஒரு பத்திரிகைப் பேட்டியில் இப்படிச் சொல்லியிருக்கிறார்: "உள்ளூர் மெக்கானிக் வீல் நட்டை இறுக்க மறந்துவிட்டார். மனிதத் தவறுதான். நான் அவரை மன்னித்துவிட்டேன்."

மன்னித்துவிட்டாராம்!

அந்த உள்ளூர் மெக்கானிக்கின் ஊர் பரமக்குடி. பெயர் செல்வம். அடுத்த வியாழக்கிழமை அவனுக்குச் சென்னைக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். "லாங் லீவ்" என்று பெயர். வளைகுடாவில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும் – கேட்காமலே கொடுக்கப்படும் லாங் லீவுக்கு ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் கராமா ஹோட்டல் சாம்பாரையும், மெட்ரோ கதவை மறித்து நிற்கிறவர்களையும் திட்டிக்கொண்டிருப்பேன். எழுதுவது பொழுதுபோக்கு. வயிற்றுப்பாட்டுக்கு நான் ஒரு கராஜில் ஸ்பேர் பார்ட்ஸ் பார்க்கிறேன். பந்தயக் கார்களைத் தயார் செய்யும் கராஜ். பந்தய நாளில் ஆள் குறைவாக இருந்தால் ஜாக்கியும் பிடிப்பேன். டங்கன் வண்டியின் வீல் கழன்ற அன்றைக்கும் ஜாக்கி பிடித்தது நான்தான். அதனால் கேள்விப்பட்டதை எழுதவில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் டங்கன் யார் என்று சொல்ல வேண்டும். நியாயமாகவே சொல்கிறேன்.

லாரி டிரைவரின் மகன். எட்டு வயதில் கோ-கார்ட்டில் ஏறியவர். இருபத்திரண்டு வயதுக்குள் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில் ஜெயித்துக்கொண்டே வந்தார். அப்புறம் ஸ்பான்சர் கைவிட்டுவிட்டார். பணக்கார வீட்டுப் பையன்கள் மேலே போனார்கள், இவர் நின்றுவிட்டார். வேறொருவனாக இருந்தால் ஊரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பான். இவர் நீண்ட தூரப் பந்தயத்துக்குப் போனார். இருபத்திநாலு மணி நேரம் ஓடுகிற பந்தயம். மூன்று நான்கு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். அப்படித்தான் துபாய்க்கு வந்தார், இங்கேயே தங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் அவர் ஓட்டியது புதுக் கார்கள். காதில் ரேடியோ. ஸ்டியரிங்கில் முப்பது பட்டன். காருக்கு உள்ளேயே காற்று ஜாக்கி. பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற ஒதுக்கிய பிட்டுக்குள் வந்து நின்றால் கார் தானாக எழும்பும். நாலு வீலும் மாறியதும் 'தொப்'பென்று தரையில் விழும். விழுந்தால் கிளம்பலாம் என்று அர்த்தம்.

இந்த 'தொப்'பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வயது ஐம்பதை நெருங்கியதும் புதுக் கார்கள் இளசுகளுக்குப் போயின. டங்கன் பழைய கார்களுக்கு மாறினார். அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய பந்தயக் கார்களை வாங்கி வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கார் ஓடவும் வேண்டும், கீறலும் விழக்கூடாது. அந்தச் சாவியை யாரிடம் கொடுப்பார்கள்? டங்கனிடம்தான். காரணம் அவருடைய காது.

நான் முகஸ்துதி பண்ணுகிறவன் இல்லை. ஆனால் அந்தக் காது ஒரு அதிசயம். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "வலது பின்பக்க பேரிங், இன்னும் இரண்டு நாள் தாங்கும்" என்பார். கழற்றிப் பார்த்தால் வலது பின்பக்க பேரிங்தான் போயிருக்கும். "பழைய காரைக் காதால் ஓட்டணும். கண் வைத்து ஓட்டினால் உடைத்துவிடுவாய்" என்று எங்களுக்கே பாடம் எடுப்பார்.

எங்கள் பையன்களுக்கு அவர் டங்கன் இல்லை. தங்கண்ணன். ராமநாதபுரத்து வாயில் டங்கன் நுழைந்தால் தங்கண்ணனாகத்தான் வெளியே வரும். அவரும் சளைத்தவர் இல்லை. காலையில் கராஜுக்குள் நுழையும்போதே எல்லாரையும் பார்த்து "சாப்டாச்சா?" என்பார். தெரிந்த தமிழ் அது ஒன்றுதான். சாயங்காலம் கிளம்பும்போதும் அதேதான்.

"ஏண்ணே, இந்தத் தங்கண்ணன் ஒரு நாளாச்சும் சாப்பாடு வாங்கித் தந்திருக்காரா? கேட்டுக்கிட்டேதான இருக்காரு!" என்பான் செல்வம்.

இப்படிப் பழகிய மனிதர்தான்.

கராஜின் உள்சுவரில் கறுப்பு மார்க்கரால் பெரிதாக ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கும். 'இரண்டு தட்டு. பேச்சு வேண்டாம்.' எழுதியது டங்கன். பழைய காரில் ரேடியோ கிடையாது. வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று டிரைவருக்கு எப்படிச் சொல்வது? பின்பக்க மூடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அந்தச் சத்தம் வந்தால்தான் கிளம்புவேன் என்றார்.

ஏன் என்று அதை எழுதிய அன்றைக்கே கேட்டேன். அவர் சொன்னது நல்ல பதில். "இந்தக் கராஜில் தமிழ், மலையாளம், ஹிந்தி, அரபி, பிலிப்பினோ எல்லாம் இருக்கு. ஒரு வார்த்தைக்குப் பத்து அர்த்தம். தட்டுக்கு ஒரே அர்த்தம்தான்."

சரியாகச் சொன்னார். அவர் சொன்னதை அவரே மறந்ததுதான் இந்தக் கதை.

பந்தய நாள். அறுபதுகளின் கார், மேலே கூரை கிடையாது. ஒரு மணி நேரப் பந்தயம், நடுவில் ஒரு முறை கட்டாயம் பிட்டுக்குள் வந்து நிற்க வேண்டும். டங்கன் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தார். முன்னால் போன வண்டி கூப்பிடு தூரம். உள்ளே வரும்போதே இடது பின் டயரைக் கை நீட்டிக் காட்டினார். டயர் கிழிந்திருந்தது.

இந்தக் காரில் சக்கரத்துக்கு நாலு நட்டு கிடையாது. நடுவில் காது வைத்த ஒரே பெரிய நட்டு. செம்புச் சுத்தியலால் அடித்துக் கழற்ற வேண்டும், அடித்துத்தான் இறுக்க வேண்டும். வரிசை இதுதான்: புது வீலை மாட்டு, நட்டைக் கையால் முறுக்கு, ஜாக்கியை இறக்கு, கார் தரையில் நின்ற பிறகு சுத்தியலால் கடைசி அடிகள். அப்புறம் இரண்டு தட்டு.

கவனித்தீர்களா? புதுக் காரில் 'தொப்' என்றால் கிளம்பலாம். பழைய காரில் 'தொப்'புக்குப் பிறகுதான் முக்கிய வேலையே.

செல்வம் வீலை மாட்டினான். நட்டைக் கையால் முறுக்கினான். நான் ஜாக்கியை இறக்கினேன். கார் 'தொப்'பென்று தரையைத் தொட்டது. செல்வம் சுத்தியலை ஓங்கினான்.

இந்த இடத்தில் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அந்த ஒருவன் நான்.

அந்த அளவு டயர் எளிதில் கிடைக்காது. மறுநாள் இன்னொரு பந்தயம் இருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ்காரன் புத்தி எங்கே போகும்? கழற்றிப் போட்ட டயரைக் காலால் புரட்டிக்கொண்டே கத்தினேன். "செல்வா, இது நாளைக்கு ஆகுமா?"

அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினான். "ஆகாதுண்ணே! கலாஸ்! கலாஸ்!"

கலாஸ். இங்கே பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரிந்த அரபி வார்த்தை. முடிந்தது என்று அர்த்தம். எது முடிந்தது? அங்கேதான் வம்பு. வேலையை முடித்தாலும் கலாஸ். பொருள் ஒழிந்தாலும் கலாஸ். நம் ஊரில் 'முடிஞ்சது' என்பதில்லையா – கல்யாணமும் முடியும், ஆளும் முடிவான். செல்வம் சொன்ன கலாஸ், டயர் ஒழிந்தது. டங்கன் காதில் விழுந்த கலாஸ், வேலை முடிந்தது.

'தொப்'பும் கேட்டுவிட்டது, கலாஸும் கேட்டுவிட்டது, தட்டுக்குக் காத்திராமல் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். செல்வத்தின் சுத்தியல் காற்றில் இறங்கியது. முழங்கையில் சிராய்ப்பு. இரண்டாவது வளைவில் இடது பின்சக்கரம் கழன்று, காரை முந்திக்கொண்டு ஓடியது. கார் சரளைக் கல்லில் இறங்கித் தடுப்பில் உரசி நின்றது. மட்கார்டு நசுங்கியது. டங்கனுக்கு ஒன்றும் இல்லை. கடவுள் புண்ணியம்.

இதுவரைக்கும் இது விபத்து. யாரையும் திட்ட மாட்டேன். கேனைத்தனமாகக் கேட்ட என்னைத் தவிர.

இதற்குப் பிறகு நடந்ததுதான் அசிங்கம்.

டங்கன் நடந்தே திரும்பி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது. பிட்டின் பின்பக்கம் நானும் அவரும் மட்டும்.

"தட்டினானா?" என்று கேட்டார்.

"இல்லை."

"கலாஸ் என்று கேட்டதே..." என்றார்.

"டயரைச் சொன்னான். நான் கேட்டேன், அவன் சொன்னான்."

தலையை மட்டும் ஆட்டினார். ஆக, டங்கனுக்குத் தெரியும். தட்டு விழவில்லை என்று தெரியும். செல்வம் மறக்கவில்லை என்று தெரியும்.

பத்து நிமிடத்தில் காரின் சொந்தக்காரர் வந்தார். டங்கன் அவரிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலை எங்கள் மேனேஜர் செல்வத்தைக் கூப்பிட்டபோது புரிந்தது. மேனேஜர் பாலக்காட்டுக்காரர், நல்ல மனிதர்தான். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

"செல்வா, நீ கொறச்சு நாள் நாட்டுல போய் ரெஸ்ட் எடு."

"எனக்கு லீவு வேணாம் சார். போன வருஷம்தான் போயிட்டு வந்தேன்."

"வேண்டாம்னு சொல்லாதே. கார் பார்ட்டி பயங்கர சூடா இருக்கு."

"நான் அடிக்கிறதுக்குள்ள வண்டி போயிருச்சு சார். சுத்தி என் கையிலதான் சார் இருந்துச்சு!"

"எனக்குத் தெரியும்டா. பேப்பர்ல வேற மாதிரி வந்திருக்கே."

பார்த்தீர்களா? பேப்பரில் வந்தது டங்கன் சொன்னது. செல்வம் சொன்னதை யாரும் கேட்கவே இல்லை.

வளைகுடாவில் தப்பு என்பது தண்ணீர் மாதிரி. பள்ளம் பார்த்து ஓடும். சொந்தக்காரரிடமிருந்து டிரைவருக்கு, டிரைவரிடமிருந்து மெக்கானிக்குக்கு. மெக்கானிக்குக்குக் கீழே யாரும் இல்லை. அங்கேயே தேங்கிவிடும்.

டங்கனின் பயமும் எனக்குப் புரிகிறது. அடுத்த வருடம் ஐரோப்பாவில் இதே காரை ஓட்டப் பேச்சு நடக்கிறது. 'தட்டு விழாமலே கிளம்பிவிட்டேன்' என்று சொன்னால் சாவி வேறு கைக்குப் போகும். இருபத்திரண்டு வயதில் ஒரு முறை எல்லாம் போய்விட்ட மனிதருக்கு இரண்டாவது முறை போவது பயமாகத்தான் இருக்கும். சரி. ஆனால் செல்வத்துக்குப் போவது ஒரு சாவி இல்லை. பதினோரு வருடச் சுத்தியல். 'வீல் நட்டை மறந்தவன்' என்று பெயர் விழுந்தால் சத்வா முனையில் இருக்கும் பஞ்சர் கடைகூட அவனைச் சேர்க்காது.

இன்னொன்றும் உண்டு. காரில் கேமரா இருந்தது. சத்தத்தோடு பதிவாகும் கேமரா. டங்கன் தன் இணையப் பக்கத்தில் அந்த வீடியோவைப் போட்டிருக்கிறார். நானும் மூன்று முறை பார்த்தேன். கார் பிட்டுக்குள் வருகிறது... வெட்டு. அடுத்த காட்சியில் சக்கரம் தனியாக ஓடுகிறது.

நடுவில் இருந்தது எங்கே?

இதை ஆங்கிலத்திலும் எழுதி அவருக்கு அனுப்பச் சொல்லி என் மகளிடம் கொடுத்தேன். துபாயில் பிறந்து வளர்ந்தவள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, லயர்னு எல்லாம் போட முடியாது. இட்ஸ் சோ ரூட்."

"பொய் சொன்னவரை வேற என்னன்னு சொல்றது?"

"மிஸ்டேக்கன்னு போடலாம்."

"மிஸ்டேக் செல்வத்து தலையில கிடக்குதும்மா. அதை எடுக்கத்தான் எழுதுறேன்."

"உங்க வேலை போயிடாதா?" என்றாள். போகலாம். மேனேஜர் இதைப் படிப்பார். தமிழ் அவருக்கு நன்றாகத் தெரியும். மகள் 'லயர்' என்றே டைப் பண்ணினாள்.

டங்கன், இப்போது உங்களிடம் நேராக. என் பங்கை நான் மேலே எழுதிவிட்டேன். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டவன் நான். என் பெயர் இந்தப் பத்தியின் தலையில் அச்சாகியிருக்கிறது, ஒளிய மாட்டேன். உங்கள் காதை நான் பதினைந்து வருடமாக நம்புகிறேன். பேரிங் முனகுவதைக் கேட்கிற காது, இரண்டு தட்டு விழவில்லை என்பதைக் கேட்காமலா இருக்கும்?

வீடியோவில் வெட்டிய பகுதியை எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடுங்கள். தட்டுச் சத்தம் இருந்தால் இதே பக்கத்தில் செல்வத்தின் தப்பையும் என் தப்பையும் சேர்த்து எழுதி மன்னிப்புக் கேட்கிறேன். இல்லை என்றால், எந்தப் பேப்பரில் மன்னித்தீர்களோ அதே பேப்பரில் வந்து சொல்லுங்கள். வியாழக்கிழமை விமானம் கிளம்புவதற்குள்.

கேள்வி ஒன்றுதான், தங்கண்ணே: தட்டு விழுந்ததா, இல்லையா?