கறுத்துத் தெளிந்த வாச்சு

பாறசாலையில் நான் வாச்சுக் கடை வைத்திருந்தபோது ஒரு பெண் வந்தாள். கல்ஃப் வெயிலில் மயங்கி விழுந்து இறந்த கணவனின் டிஜிட்டல் வாச்சை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவிய விழுந்தப்போ இது முழுக்கக் கறுத்துக் கிடந்துச்சாம். நிழலுக்குக் கொண்டு வந்ததும் நேரம் தெரிஞ்சுதாம். அது எப்பிடி அண்ணா?"

"கண்ணாடிக்குள்ள இருக்கது ஒரு திரவமாக்கும். அதுக்க துகளெல்லாம் பொடிக் குச்சி மாதிரி வரிசையா நின்னு வெளிச்சத்தைத் திருப்பி விடும். சூடு கூடினா வரிசை கலைஞ்சு, வெளிச்சம் அடைஞ்சு கறுத்துப்போவும். ஆறினா பழையபடி வரிசையா நிக்கும்."

துடைப்பதை நிறுத்தினாள்.

"அவியளையும் அதே நிழலுலதான் கிடத்தினாவ."

வாச்சில் ஒரு பழுதும் இல்லை.