மாமா முகத்தில் முடிவு தெரியாது

என் அக்கா புருஷன், அதாவது என் மாமா, செய்வது கொஞ்சம் விசித்திரமான வேலை. மாநாடுகளில் வாக்கெடுப்பு நடத்துவார். கை தூக்கச் சொல்லித் தலை எண்ணும் வேலை இல்லை. ஆளுக்கொரு சின்னக் கருவி கொடுத்து, ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று சொல்லி, வந்ததை மடிக்கணினியில் சேர்த்துப் பெரிய திரையில் காட்டுவது. பக்கத்து மேஜையில் ஒலிபெருக்கியோடு உட்கார்ந்திருப்பவன் நான். ஒன்பது வருடமாக ஒரே வண்டியில் போய் வருகிறோம்.

அவருடைய வேலை முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாக்கெடுப்பை மூடியதும் முடிவு முதலில் அவர் மடிக்கணினிக்குத்தான் வரும். இன்னொரு பொத்தானைத் தட்டினால்தான் திரைக்குப் போகும். நடுவில் இருக்கும் ஐந்து விநாடியும் மண்டபமே அவர் மூஞ்சியைப் பார்க்கும். பூட்டிய கடையைப் பார்ப்பதும் அதைப் பார்ப்பதும் ஒன்று. எத்தனையோ தலைவர்கள் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள், ஒரு புருவம்கூட அசைந்ததில்லை.

அவர் விளையாடுவது ஒரே ஒரு இடத்தில்தான். கருவிகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க முதலில் ஒரு சோதனைக் கேள்வி போட வேண்டும். பல் டாக்டர்கள் மாநாட்டில், 'நேற்று இரவு பல் தேய்த்தீர்களா?' என்று கேட்டார். முடிவு திரையில் வந்தபோது டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம் போன மாதம் நர்ஸுகள் சங்கத் தேர்தல் வந்தது. செயலாளர் பதவிக்கு நின்ற இரண்டு பேரில் ஒருத்தி என் அக்கா.

அக்கா குழந்தைகள் வார்டு நர்ஸ். பன்னிரண்டு வருடமாகச் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, உறை ஒட்டி, ஓடியாடி உழைத்தவள். இரண்டு தடவை நின்று தோற்றிருக்கிறாள். அவளுடைய கோரிக்கை ஒன்றே ஒன்று. "நோயாளிக்குக் கட்டில் இருக்கு. பார்க்க வர்றவங்களுக்கு நாற்காலி இருக்கு. எங்களுக்கு உட்கார ஒரு ரூம் இருக்கா?" செயலாளர் ஆனால்தான் மருத்துவமனை நிர்வாகத்தோடு மேஜையில் உட்கார்ந்து இதைப் பேச முடியும்.

"பெண்டாட்டி நிக்கிற தேர்தலை நான் நடத்த மாட்டேன்" என்று மாமா ஒரேயடியாக மறுத்தார். சங்கத் தலைவி விடவில்லை. "ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஒரு ஆளை உங்க முதுகுக்குப் பின்னாடி உட்கார வச்சிடறோம், போதுமா?" என்றார். அப்படியே இரண்டு நர்ஸம்மாக்கள் வந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல அவர் திரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சோதனைக் கேள்வி: 'இன்று காலை உட்கார்ந்து தேநீர் குடித்தீர்களா?' ஆம், பதினொன்று. இல்லை, நூற்றுத் தொண்ணூற்றேழு. மண்டபம் சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

அக்காவை எதிர்த்து நின்றவர் ஆபரேஷன் தியேட்டர் தலைமை நர்ஸ். எல்லோரும் தியேட்டரம்மா என்பார்கள். குரல் கொடுத்தால் சர்ஜனே கையைக் கழுவிக்கொண்டு வந்து நிற்பார். அக்காவுக்கு எண் ஒன்று, அவருக்கு எண் இரண்டு. இருநூற்றெட்டு வாக்கும் வந்து சேர்ந்தன. மாமா மூடினார். ஐந்து விநாடி. திரையில் நூற்று நான்கு, நூற்று நான்கு.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி வாக்கெடுப்பு என்றார் தலைவி. எனக்குச் சாப்பாடு ஒரு கேடா? வரிசையில் நின்ற அக்காவைப் போய்ப் பிடித்தேன்.

"நீ சரியாத்தானே அழுத்தினே?"

"அழுத்தினேனே. ரெண்டு."

"உன் நம்பர் ஒண்ணு, அக்கா!"

"தெரியும்டா. எனக்கு நானே எப்படிப் போட்டுக்கிறது? எதிர்ல நிக்கிறவங்களுக்குத்தானே எப்பவும் கை தூக்குவோம்?"

அப்போதுதான் புரிந்தது. அந்தச் சங்கத்தில் அதுவரை கை தூக்கித்தான் தேர்தல். நிற்கும் இருவரும் மரியாதைக்கு ஒருவருக்கொருவர் கை தூக்குவார்கள், சபை கைதட்டும். இரண்டு வாக்கும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். கருவி வந்தது இந்த வருடம்தான்.

"அது எல்லாரும் பார்த்தப்போ! இப்ப யாரு பார்க்கிறாங்க?"

"நான் பார்க்கிறேனே" என்று சொல்லிவிட்டு, தட்டை நீட்டிச் சோறு வாங்கிக்கொண்டாள்.

"இந்தத் தடவையாவது உனக்கே அழுத்து. தம்பி பேச்சைக் கேளு" என்று கெஞ்சினேன். பார்க்கலாம் என்றாள்.

மாமாவிடம் ஓடினேன். வாக்கெடுப்பு நாளில் அவர் மேஜையை விட்டு நகர மாட்டார், தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். பின்னால் இருந்த இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"இதை ஏன் மாப்ளே என்கிட்ட சொன்னே? அவகிட்ட எதாவது பேசினியா?"

"உனக்கே அழுத்துன்னு சொன்னேன்."

"தம்பியாச் சொன்னே, சரி. மைக்செட்காரனாச் சொல்லியிருந்தா வண்டியில ஏத்த மாட்டேன்."

"நிக்கிறவங்க தனக்கே போட்டுக்கலாம்னு நீங்க பொதுவா ஒரு வார்த்தை அறிவிச்சிடுங்களேன்."

"காலையில சொல்லாததை இப்ப சொன்னா அது அறிவிப்பு இல்ல, பெண்டாட்டிக்குச் சிபாரிசு." தட்டைத் தள்ளி வைத்தார். "பன்னிரண்டு வருஷம் மாப்ளே. அவளுக்கு எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். காலையில் துடைத்த துணியையே எடுத்து, துடைத்த மேஜையை மறுபடி துடைத்தார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம், அப்படி ஒரு பாவமும்கூட.

இரண்டாவது வாக்கெடுப்பு. காலையில் படித்த அதே அறிவிப்பு, ஒரு எழுத்துக் கூடவில்லை. இருநூற்றெட்டும் வந்தன. மூடினார். அவர் மூஞ்சியைப் பார்த்தேன், பூட்டிய கடை. அக்கா கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

திரையில் நூற்றைந்து, நூற்று மூன்று. நூற்றைந்து அக்காவுக்கு!

மண்டபம் அதிர்ந்தது. அக்காவை நாலு பேர் தூக்காத குறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி சொன்னதைக் கேட்டாளே என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கூட்டம் கலைந்தது. எல்லோரும் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாமா எண்ணினார், இருநூற்றேழு. கடைசிக் கருவியோடு தியேட்டரம்மா வந்தார்.

"தம்பி, சாப்பாட்டு வரிசையில உங்களுக்குப் பின்னாடிதான் நின்னேன்" என்றார் என்னிடம். "காலையில யாரும் பார்க்கலைன்னு நான் எனக்கே அழுத்திக்கிட்டேன். உங்க அக்கா பேசினதைக் கேட்டப்புறம் ஒரு வாய் இறங்கல. ரெண்டாவது தடவை அவளுக்குப் போட்டேன். நல்லா இருக்கட்டும்." கருவியை வைத்துவிட்டு நிமிர்ந்து நடந்து போனார்.

விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். அவர் மாறியதில்தான் நூற்று நான்கு நூற்றைந்தானது. அக்காவும் மாறியிருந்தால் நூற்றாறு வந்திருக்க வேண்டும். ஆக, மகராசி மறுபடியும் இரண்டைத்தான் அழுத்தியிருக்கிறாள். தூக்கிவிட்ட காலரை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

மாமா எனக்கு முன்னாலேயே கணக்கை முடித்துவிட்டார் போலிருக்கிறது. கடைசிக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, காதுக்குக் காது சிரித்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. ஒன்பது வருடத்தில் அந்த மேஜையில் நான் பார்க்காத முகம்.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். "ஏங்க, நான் ஜெயிச்சப்போகூடக் கல்லு மாதிரி இருந்தீங்க. இப்ப எதுக்குத் தனியாச் சிரிக்கிறீங்க?"

"இருநூத்தெட்டும் வந்து சேர்ந்தாச்சு. இனிமே சிரிக்கலாம்" என்றார் மாமா. எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கே. முதல்ல உட்காரு, செயலாளரம்மா."