சைக்கிள் பாரில் பாதி வழி

எண்பதுகளின் கடைசியில், எட்மண்டனில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஆற்றோரமாக ஒரு சரளைக்கல் பாதை இருந்தது. கார் வராது. கலியாணமாகி வந்த முதல் கோடையில் மனைவி கேட்டாள்: "ஊரில போல சைக்கிள் பாரில ஏறட்டே?"

"ஓம், ஏறும்."

சிரித்துக்கொண்டே வந்தாள். எதிரே வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வந்தது. எனக்கு மானம் போவதுபோல இருந்தது.

"இறங்கும், ஆக்கள் வருகினம்."

அவளை இறக்கிவிட்டு, தனியே வந்தவன் போல மிதித்துப் போனேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவளுடைய செருப்பு அறுந்திருந்தது. அந்த அம்மா வந்த வழியே திரும்பி, அவள் கையைப் பிடித்து மெல்ல நடத்தி வந்தார். என்னைக் காட்டி, "உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை" என்றாள் என் மனைவி.