சுவரில் ஒட்டிய ஐந்து கண்ணாடிகள்

என் அம்மாவின் உடலைப் பழைய ஆலயத்துக்குள் கொண்டுபோக விடவில்லை. பல்லடம் சாலையில், எங்கள் கிறிஸ்தவ சபை புதுக் கட்டடத்துக்கு மாறிய பிறகு பூட்டிக் கிடந்த ஆலயம் அது. அம்மாவுக்குத் திருமணம் நடந்ததும் அங்கேதான். அங்கிருந்தே தன்னை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். சபைச் செயலர் சாவி தரவில்லை.

"செவுரு நகருது அம்மணி. எஞ்சினியர் பாத்துச் சொல்லிப்போட்டாரு. நான் என்னங்க பண்ணட்டும்?"

புதுக் கட்டடத்தின் பக்கத்துத் தகர ஷெட்டில் அடக்க ஆராதனை நடந்தது. பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டு ஐந்து வரை. என் டைரியில் இருக்கிறது.

அடுத்த வாரமே, ஆலயத்தை இடித்துக் கடைகள் கட்டலாம் என்று செயலர் எழுதிய கடிதம் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. சுவர் நகர்கிறது என்று அதிலும் இருந்தது. எஞ்சினியரின் கையெழுத்து இல்லை. இந்த மனிதரை அந்தச் சுவரை வைத்தே பழிவாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வழி சொன்னது எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டிவிட்டால், சுவர் நகரும்போது கண்ணாடி உடையும். நான் நூல் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பஞ்சு இழையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகள் எங்களிடம் உண்டு. ஐந்து சில்லுகளை வெளிச்சுவரில் ஒட்டினேன். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் போய்ப் பார்த்து எழுதினேன்.

செயலர் ஒருநாள் வண்டியை நிறுத்தினார். "ஏனுங் அம்மணி, செவுத்துக்குக் காய்ச்சலுங்களா? எத்தன டிகிரி இருக்குதுங்க?"

அதையும் எழுதிவைத்தேன்.

ஐப்பசி மழையில் நான்காவது கண்ணாடி உடைந்தது. எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். எழுதினேன். கொத்தனார் அந்த இடத்தில் தோண்டிப் பார்த்தார். அஸ்திவாரத்துக்குள் அரசமர வேர் போயிருந்தது. வேரை வெட்டி, சுண்ணாம்புக் கலவை அடைத்து, வேறு கண்ணாடி ஒட்டினோம். அதுவும் மற்ற நான்கும் உடையவே இல்லை.

சபையின் ஆண்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு ஞாயிறையும் தேதியோடு வாசித்தேன். நான்காவது உடைந்தது என்று வாசித்தபோது செயலர் சிரித்தார். நான் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்துவிட்டுக் கேட்டேன்.

"எந்த எஞ்சினியருங்ணா பாத்தாரு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். போதகரும் அதையே கேட்டார். அதற்கும் மின்விசிறியையே பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஒரு வருடம் காத்திருந்தேன். ஆனாலும் எனக்குப் போதவில்லை.

இடிக்கும் பேச்சு அன்றோடு நின்றது. விசைத்தறிக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடமாக ஆலயம் மாறியது. பீடம் இருந்த இடத்தில் இப்போது நான்கு தொட்டில்கள். சாவி என்னிடம்.

போன தை மாதம் செயலர் என் வீட்டுக்கு வந்தார். அவர் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் பழைய ஆலயத்தைப் பார்த்துவிட்டு, தாலி கட்டுவது அங்கேதான் என்று நிற்கிறார்களாம்.

"செவுரு நகருதுங்களே" என்றேன்.

"அம்மணி, எம் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

"எங்கம்மா என்னங்ணா பண்ணுனாங்க?"

சாவியோடு என் பொறுப்பில் இருந்த சபைப் பதிவேட்டை அவர் முன்னால் வைத்தேன். எந்த எஞ்சினியரும் பார்க்கவில்லை, பொய் சொல்லித்தான் என் அம்மாவின் உடலை உள்ளே விடவில்லை என்று அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார். நடுவில் தலை நிமிர்ந்து, "அம்மா தவறுனது எந்தத் தேதிங்க?" என்று மெல்லக் கேட்டார்.

அந்தத் தேதிகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். மாதத்தைத் தப்பாக எழுதினார். அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். மை காயும்வரை காத்திருந்துதான் சாவியைக் கொடுத்தேன்.