பெண் பார்த்த அன்று போகாத கரண்ட்

1991இல் எனக்கு இருபத்தேழு வயது, கையில் கரண்ட் ஆபீஸ் உத்தியோகம், பெண் மட்டும் கிடைக்கவில்லை. உத்தியோகம்தான் காரணம். ஒரகடம் போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே நின்ற சப்ஸ்டேஷனில் நான் ஆபரேட்டர். வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும் என்று சொன்னதுமே ஒரு வீட்டில் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில், கரண்ட்டோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஆயுசு கெட்டிதானா என்று என் ஜாதகத்தை மூன்று ஜோசியரிடம் காட்டினார்கள். மூவருமே கெட்டி என்றார்கள். அப்படியும் பெண் கொடுக்கவில்லை. ஐந்தாவதாக மணிமங்கலத்தில் ஓர் இடம் வந்தபோது அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இதுவும் தட்டிப்போச்சுன்னா, நானும் உங்க மாமாவும் இனிமே எவன் வூட்டு பஜ்ஜிக்கும் வர மாட்டோம். சொல்லிட்டேன்."

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கன்ட்ரோல் ரூமில், கரண்ட் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று காட்டுகிற ஒரு மீட்டர் உண்டு. அதன் முள் ஐம்பதில் நிற்க வேண்டும். அந்த வருஷங்களில் அது ஐம்பதைத் தொட்டால் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டிக்கொள்வோம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் நான்கும் ஒரே கம்பியில் கோத்துக்கிடந்தன. எங்கோ ஓர் அணையில் தண்ணீர் இறங்கினாலும், எங்கோ நிலக்கரி ரயில் தாமதமானாலும் எங்கள் முள் படுத்துவிடும். உடனே மாநிலம் முழுதுக்கும் கரண்டைப் பங்கிடுகிற சென்னை அலுவலகத்திலிருந்து போன் வரும்: "லோடைக் குறை." எந்த ஊரைக் குறைப்பது என்பதற்கு முறை இருந்தது. பந்திக்கு ஒரே குண்டான் ரசம்தான். ஒருத்தன் இரண்டு கரண்டி கூட வாங்கிக்கொண்டால் கடைசி இலைக்கு வெறும் சோறு. ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை மணிமங்கலம் லைனை நிறுத்த வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் படப்பைப் பக்கத்து லைனுக்கு மோட்டார் ஓடுகிற அளவுக்கு முழு கரண்ட் விட வேண்டும்.

பெண் பார்க்கக் குறித்த நேரமோ ஞாயிற்றுக்கிழமை மூன்றரை. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் முடிக்க வேண்டும். பங்குனி வெயில் வேறு. கரண்ட் ஆபீஸ் மாப்பிள்ளை வந்து உட்கார, தலைக்குமேல் ஃபேன் செத்துக்கிடந்தால் என்ன மரியாதை? அன்றைக்கு ஷிப்டில் இருந்த சிநேகிதனைப் பிடித்தேன்.

"மாமே, ஞாயித்துக்கிழம மணிமங்கலத்த மட்டும் நிறுத்தாதே."

"அப்ப எத்த நிறுத்தறது? மெட்ராஸ்ல கேப்பானே."

"படப்பைய நிறுத்து. கொஞ்ச நேரந்தானே."

அவன் தாடையைச் சொறிந்தான். "சொஜ்ஜி போட்டா எனக்கு ஒரு பொட்டலம் கட்டிகினு வா" என்றான். விஷயம் முடிந்தது. எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக விசிலடித்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனேன்.

நாங்கள் நுழைந்தபோது கூடத்து ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா இரண்டு கையையும் விரித்தார். "ஞாயித்துக்கிழம மூணு மணிக்கு மேல இந்த ஊர்ல ஃபேன் ஓடி நான் பாத்ததே இல்ல. மாப்ள வந்து காலு வச்சாரு, கரண்ட்டு போவ மாட்டேன்னுது!" பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து ஃபேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா என் தோளைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது அவள் வந்தாள். ப்ளஸ் டூ முடித்தவள், அப்பாவின் நிலத்துக்கு மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் அவள்தான் என்று தரகர் சொல்லியிருந்தார். தட்டை என் முன்னால் வைத்தவள் ஃபேனைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகுதான் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், நான் தீர்ந்தேன். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும், இல்லையென்றால் காசி ராமேஸ்வரம் என்று மனசு கிடந்து குதித்தது. தட்டிலிருந்த பஜ்ஜி முழுவதையும் நானே தின்றுவிட்டேன் என்பதை அக்கா பிறகு சொல்லித்தான் அறிந்தேன்.

"தனியா ரெண்டு வார்த்த பேசணும்னா பேசிக்கட்டுமே" என்று மாமா எடுத்துக் கொடுத்தார். தோட்டத்துப் பக்கம் துவைக்கிற கல் அருகே நின்றோம்.

"உங்கள ஒன்னு கேக்கட்டுமா?" என்றாள்.

"நூறு கேளுங்க."

"இன்னிக்கு எங்க முறையாச்சே. மூணு மணிக்கே போயிருக்கணும். ஏன் போவல?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "நான்தான் நிறுத்த வேணாம்னு சொல்லி வச்சேன்."

"அப்ப யாருத எடுத்தீங்க?"

இப்படி ஒரு கேள்வியை எந்த வீட்டிலும் என்னிடம் கேட்டதில்லை. "படப்பை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எங்கக்காவ அங்கதான் குடுத்துகீது. கதிரு பால் புடிக்கிற நேரம். இந்த ரெண்டு மணி நேரத்த வுட்டா வயலு காஞ்சிடும்னுதான் அவ இன்னிக்கு இங்கயே வரல. மோட்டார் கொட்டாயாண்ட உக்காந்து கரண்ட்டு வருதான்னு பல்பையே பாத்துகினு இருப்பா." என்னை நேராகப் பார்த்தாள். "எனக்குத் திருடின காத்து வேணாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, இவள் கையை விட்டுப் போய்விடுவாளே என்று பயமாக இருந்தது. "போன் எங்க இருக்கு?" என்றேன்.

"தெருக்கோடியில, மாவு மில்லுல."

செருப்பு முன்வாசலில் கிடந்தது. அதை எடுக்கப் போனால் காரணம் சொல்ல வேண்டும். தோட்டத்துப் படலைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு ஓடினேன். பின்னால் தரகரின் குரல் கேட்டது: "ஐயையோ, மாப்ள ஓடறாரு!"

கிடைத்த கரண்டை விடுவானேன் என்று மில்லில் மும்முரமாக மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். போன் இருந்தது, ஆனால் டயலுக்குப் பூட்டு. சாவியோடு முதலாளி சினிமாவுக்குப் போயிருந்தார். ரிசீவர் வைக்கிற கொக்கியைத் தட்டியே நம்பர் போடுகிற வித்தை அன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். மூன்றுக்கு மூன்று தட்டு, பூஜ்யத்துக்குப் பத்துத் தட்டு. மிளகாய் நெடியில் தும்மித் தும்மி இரண்டு முறை கணக்கு தவறி, ஒருவழியாகச் சிநேகிதன் கிடைத்தான்.

"இன்னா மாமே, ஃபேன் ஓடுதா?"

"ஓடுது. நிறுத்து!"

"இன்னாது?"

"மணிமங்கலத்த நிறுத்து. படப்பைய உடனே போடு. அவங்களுக்கு எவ்ளோ நேரம் போச்சோ அவ்ளோ நேரம் சேத்து வுடு."

"பொண்ணு புடிக்கலயா?"

"ரொம்பப் புடிச்சிருக்குடா!" என்று கத்தினேன். மில் நின்றது. மிளகாய் அரைபட்டது பாதி, படாதது பாதியாகக் கிடக்க, அங்கிருந்த பெண்கள் கரண்ட் ஆபீஸ்காரனின் ஏழு தலைமுறையையும் ஒரே மூச்சில் திட்டினார்கள். ஒவ்வொரு திட்டும் எனக்குப் பன்னீர் தெளித்தது மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பி ஓடினேன்.

கூடத்தில் எல்லாரும் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ராகுகாலத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. "இன்னா மாப்ள, இப்பத்தான் உங்க பெருமைய ஊருக்கே சொன்னேன், போயிடுச்சே" என்றார் பெண்ணின் அப்பா.

"நான்தாங்க நிறுத்தச் சொன்னேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். முதலில் போகாமல் பிடித்து வைத்ததும் நான்தான், அது உங்கள் பெரிய பெண்ணின் வயலுக்குப் போக வேண்டிய கரண்ட் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஐந்தாவதும் போச்சு என்று நினைத்தேன்.

"ஏன் தம்பி, எங்க வூட்ல ஒரு கல்யாணம் நடக்குது, அன்னிக்கு எங்க முறை. அப்பவும் நிறுத்துவியா?"

பொய் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. மாமா கண்ணால் கெஞ்சினார். நான் உள்ளே போகிற கதவைப் பார்த்தேன், அங்கே அவளுடைய புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

"முறைன்னா நிறுத்துவேங்க" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. தொடர்ந்து அவள் குரல்:

"அன்னிக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துக்கலாம்பா."

எந்த அன்றைக்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.