துரையின் கடைவாய்ப்பல்

தெருவே அவளைப் பல்லம்மா என்றுதான் கூப்பிடும். இருபத்தெட்டு வருடமாகப் பல்செட் செய்கிறாள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, சிரித்தால் எப்படித் தெரியும் என்று தள்ளி நின்று பார்ப்பாள். சிரிப்பில் தெரியாத பல்லைப் பற்றி அவளுக்குப் பெரிய அக்கறை கிடையாது.

வீட்டு நாய் துரையையும் அவள் விட்டுவைக்கவில்லை. நாய்க்கென்றே விற்கும் பற்பசை, குழந்தைகள் பிரஷ், தினமும் காலையில் ஐந்து நிமிடம். முன்பற்கள் பளிச்சென்று இருக்கும். பிரஷ் கன்னத்துக்குள் போனால் மட்டும் சில மாதங்களாகத் துரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. "நடிக்காதடா, நடிகா!" என்று ஓர் அதட்டு அதட்டிவிட்டு, தெரிகிற பல்லைத் தேய்த்துக் கதையை முடிப்பாள்.

ஒருநாள் துரையின் வலது கண்ணுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீக்கம். ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று சொட்டு மருந்து விட்டாள். மூன்றாம் நாளும் சோறு தட்டில் அப்படியே கிடந்தது. அவள் கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, வீட்ல நான் பேசறத யாரு கேப்பா?" என்று அவள் எதிரிலேயே புலம்பினார். அவள் துரையைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினாள்.

கால்நடை மருத்துவர் கண்ணைப் பெயருக்குப் பார்த்துவிட்டு, உதட்டைத் தூக்கிப் பின்னாலிருந்த பெரிய பல்லைக் காட்டினார். நெடுக விரிசல், சுற்றிலும் சீழ்.

"கண்ணு வீங்கினதுக்குப் பல்லா டாக்டர் காரணம்?"

"இதோட வேர் கண்ணுக்குக் கீழ வரைக்கும் போகும்மா. கல்லு, எலும்புன்னு எதையோ கடிச்சு உடைச்சிருக்கான். பிடுங்கிட்டா நல்லாயிடுவான்."

போன உயிர் திரும்பி வந்ததும் ஆர்வமும் கூடவே வந்துவிட்டது. எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரே பல்லுக்கு மூன்று வேர்! இத்தனை வருடத்தில் வேருள்ள பல் ஒன்றைக்கூட அவள் செய்ததில்லையே. வேர் ஏன் மூன்று, மேலே இருப்பது எலும்பா, பல் போனால் எப்படி மெல்லுவான் என்று துளைத்தெடுத்தாள். மருத்துவரும் சலிக்காமல் சொன்னார்.

"எப்ப உடைஞ்சிருக்கும் டாக்டர்?"

"மூணு மாசமாவது இருக்கும். நாய்ங்க வலியை லேசுல காட்டிக்காது. அந்தப் பக்கம் கை வச்சா முகத்தைத் திருப்பும், அவ்வளவுதான்."

அவள் எக்ஸ்ரேயை மேசைமேல் வைத்துவிட்டாள். பல்லைப் பிடுங்கி முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அதான் சரியாயிடும்னு சொல்லிட்டாரே, ஏன் அழற?" என்றார் கணவர்.

"வலிக்குதுன்னு தினமும் என்கிட்ட சொல்லியிருக்கான்ங்க. நான் தினமும் அவனை அதட்டியிருக்கேன்."